காபி குடிக்காத தரணி

மூணாவது செமஸ்டர் என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுகிறேன் என்று சொல்ல வேண்டும். காபி மட்டும் குடிக்கக் கூடாது, ஏனென்றால் அவனுக்குக் காபி பிடிக்காது. மற்றதெல்லாம் போய்த் தொலையட்டும், இந்தக் கடைசி விஷயம்தான் தரணியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. காபி பிடிக்காதாம். யாருக்கு? ஒன்றரை வருஷமாகத் தினமும் பில்டரில் தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, பால் காய்ச்சி, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றி, நுரை அடங்குவதற்குள் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்குக் காபி பிடிக்காது. சரி, இவனுக்கில்லை, அந்தத் தரணிக்கு. கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற தரணிக்கு. அப்படி ஒருத்தன் கிடையாது. கோயமுத்தூரிலும் கிடையாது, எங்கேயும் கிடையாது. அம்மாவின் வாயில் பிறந்து, கடையநல்லூர் சமீமா அத்தையின் காதில் வளர்ந்து, இப்போது மூணாவது செமஸ்டர் வரைக்கும் வந்துவிட்டான். இல்லாத ஒருத்தன் மேல் வயிறு எரியுமா என்று யாராவது கேட்டால், எரியும் என்று தரணி அடித்துச் சொல்வான். இருக்கிறவனாக இருந்தால் தெருவில் மறித்து ரெண்டு வார்த்தை கேட்டுவிடலாம். இவனை எங்கே போய் மறிப்பது?

அடுப்பில் பால் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். பதினோரு மணிக்கு அம்மாவுக்கு இடைவேளை, பதினைந்தே நிமிஷம். கம்ப்யூட்டரின் மூலையில் சிவப்பு எண் ஒன்று பதினைந்திலிருந்து கீழே இறங்கும். சைபரைத் தொடுவதற்குள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் பால் பத்து ஐம்பத்தெட்டுக்குப் பொங்க வேண்டும். முன்னால் பொங்கினால் ஏடு படியும், பின்னால் பொங்கினால் அம்மா நின்றுகொண்டு குடிப்பாள். நின்றுகொண்டு குடித்த காபி குடித்த கணக்கில் வராது என்பது அம்மாவின் கட்சி. சங்ககிரியில் முக்கால்வாசிப் பேர் லாரியை நம்பிப் பிழைக்கிறவர்கள், அப்பாவும் அதில் ஒருத்தர், இப்போது நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் வீட்டை விட்டு நகராமல் வேலை பார்க்கிறாள். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்கும் கம்பெனிக்குப் புகார் கேட்கிற வேலை. மெஷின் ஒழுகினாலும், தண்ணீர் கசந்தாலும், மெஷினே வந்து சேராவிட்டாலும் தமிழில் திட்டுகிறவர்கள் எல்லாரும் அம்மாவையும் அம்மா மாதிரி வீட்டில் உட்கார்ந்திருக்கிற இன்னும் சில பேரையும் திட்டுவார்கள். இதோ இப்போதும் யாரோ திட்டுகிறார்கள். கதவிடுக்கு வழியாக அம்மாவின் குரல் மட்டும் வருகிறது. "புரியுதுங்க சார். உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுதுங்க சார்." வெல்லப்பாகு மாதிரிக் குரல். தரணி கரண்டியைப் பாலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். அந்தக் குரல் அவனுக்கென்று ஒரு தடவைகூட வந்ததில்லை. அவனுக்கு வருவது "என்னடா" தான். சிரமம் புரியுதுடா என்று கேட்க வேண்டுமானால் ஒழுகுகிற மெஷின் ஒன்று வாங்க வேண்டும் போலிருக்கிறது.

நேற்று மட்டும் அந்தத் தட்டு விழாமல் இருந்திருந்தால். பால் குண்டானை மூடுகிற எவர்சில்வர் தட்டு. கை வழுக்கிவிட்டது, வேண்டுமென்று போடவில்லை, சத்தியமாக வேண்டுமென்று போடவில்லை, ஆனால் விழுந்த பிறகு உருண்டு உருண்டு அது ணங்ணங்கென்று நிற்காமல் ஆடியபோது காலால் மிதித்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதுவும் உண்மை. உள்ளே அம்மா போனைக் கம்ப்யூட்டரில் சாய்த்து வைத்துக்கொண்டு சமீமா அத்தையோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நேரத்து இடைவேளை, ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே கிடையாது. வேலையில் சேர்ந்த புதிதில் மூணு வாரம் ஆன்லைனில் பயிற்சி, அதில் பிடித்துக்கொண்ட சிநேகம், ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. பதினோரு மணி ஆனால் போன் அடிக்கும். அம்மா தம்ளரைத் தூக்கி போனின் கண்ணாடியில் டொக்கென்று முட்டுவாள், அங்கே சமீமா அத்தையும் ஒரு பூப்போட்ட கப்பைக் கொண்டுவந்து முட்டுவாள். அப்புறம்தான் முதல் வாய். கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு காபிச் சொட்டு காய்ந்து எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். தரணி துடைத்து வைத்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும். நேற்று தட்டு விழுந்ததும் அத்தையின் குரல், "யாருளா அது? அடுப்பாங்கரைல பூனையா?" அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். அந்த ஒரு நொடியில் பூனை என்று சொல்லியிருக்கலாம். தரணிக்கே பூனையாகப் போவதில் ஒன்றும் ஆட்சேபம் இருந்திருக்காது. அம்மா சொன்னாள், "என்ற பையன்தான் சமீமா. காலேஜ் லீவு, நேத்து வந்தான்." உடனே அந்தப் பக்கம் ஒரே கூத்து. "ஏ யம்மா, புள்ள வந்திருக்கானா? சொல்லவே இல்ல பாத்தியா! நாளைக்கு அவனக் காட்டுளா. பத்தாம் வகுப்பு போட்டோவையே எத்தன நாளைக்குப் பாக்கது?"

ஆகவே இன்று நீலச் சட்டை. தலையில் எண்ணெய். காலையில் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டே அம்மா பாடம் எடுத்தாள். "எத்தனாவதுன்னு கேட்டா?" "மூணு." "மூணாவது செமஸ்டர்னு சொல்லோணும். வெறும் மூணுன்னா மூணாங்கிளாஸ்னு நெனச்சுக்குவாங்க." "சரி." "என்ன குரூப்பு?" "காலேஜ்ல ஏதும்மா குரூப்பு?" "அதான், என்னமோ ஒண்ணு. மெக்கானிக்கல்." "மெக்கானிக்கல்னா என்ன படிப்பாங்கன்னு கேட்டா?" "அவங்க ஏன்டா அதக் கேக்கறாங்க? லாரிக்கு என்ன ஆச்சுன்னா நம்ம மெக்கானிக்குகிட்ட கேக்கறமா என்ன படிச்சேன்னு?" அதற்கு அம்மாவே சிரித்துவிட்டாள். தரணிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். சிரித்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். "அவன் மார்க்கு எவ்வளவும்மா?" என்றான். "எவன்?" "அதான், உன்ற பையன்." அம்மா இட்லியைத் துணியிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்று பிய்ந்துபோனது. "காலங்காத்தால ஆரம்பிக்காத தரணி. ரெண்டு நிமிசம். வந்து ஒக்காந்து சிரிச்சுட்டுப் போயிரு கண்ணு. எனக்காக." எனக்காக என்றால் என்ன பண்ணுவது. அவளுக்காகத்தான் எல்லாமே. அப்புறம் கதவுவரை போனவள் திரும்பி வந்து சொன்னாள், "உனக்கு டம்ளர் எடுத்துட்டு வந்தராத. நீ காபி குடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்." ஏன் அப்படிச் சொன்னாள் என்று இவன் கேட்கவில்லை. அதற்கு அவளே பதில் சொன்னாள், கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வது குற்றம் செய்கிறவர்களின் பழக்கம். "ஹாஸ்டல்ல காபி நல்லாருக்காதில்ல, அதனால விட்டுட்டான்னு பேச்சுவாக்குல சொன்னேன்." விட்டுட்டான். பார், என்ன ஒழுக்கம். காபியைக்கூட விட்டுவிட்டான் ராஸ்கல்.

பாலின் ஓரத்தில் முத்து முத்தாகக் கொப்புளம் கட்ட ஆரம்பித்தது. தீயைக் குறைத்தான். பத்து ஐம்பது. பில்டரின் மேல்தட்டைத் தட்டிப் பார்த்தான், இறங்கிவிட்டது, கனமான டிகாக்‌ஷன், ஆட்டினால் பில்டரின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மெல்ல வழிகிறது. இந்தத் தூளுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. பஜாரில் அரைத்துக் கொடுக்கிற கடையில் அம்மா எப்போதும் எண்பதுக்கு இருபது சிக்கரி வாங்குவாள். கடைக்குப் போவது தரணியின் வேலையான பிறகு நாலு மாசம் முன்பு அவனாகவே எண்பத்தைந்துக்குப் பதினைந்து போடச் சொன்னான். அம்மாவிடம் சொல்லவில்லை. கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று கதவோரம் நின்றான். முதல் வாய் குடித்ததும் அம்மா கண்ணை மூடினாள். எப்போதும் மூடுவாள்தான், அன்றைக்கு மூடிய கண் திறக்கக் கொஞ்சம் நேரமானது. இடது கால் கட்டைவிரல் தரையில் சுருண்டது. "சமீமா, இன்னிக்குக் காபி என்னமோ அமிர்தமாட்ட இருக்குதுடி." "எப்படிளா போடுத? நொர பாரு, குல்லா மாதிரி நிக்கி. எனக்கு வரவே மாட்டேங்குது." "பால மாத்துனேன். அப்புறம் கைப்பக்குவம்தான், வேறென்ன." கைப்பக்குவம். தரணி தன் கையைப் பார்த்துக்கொண்டான். வலது கை நடுவிரலில் வெந்நீர் கொட்டின தழும்பு. இந்தக் கைதான். அம்மா பொய் சொல்கிறவளில்லை, பொதுவாகச் சொல்கிறேன், வாடிக்கையாளரிடம்கூட மெக்கானிக் நாளைக்கு வருவார் என்று தெரியாமல் சொல்ல மாட்டாள், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் சார் என்பாள். ஆனால் காபியைத் தானே போட்டதாகச் சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்? பையன் போட்டான் என்றால், பையன் எங்கே இருக்கிறான் என்று ஒரு கேள்வி வரும். ஹாஸ்டலில் இருக்கிறவன் எப்படிச் சங்ககிரியில் காபி ஆற்ற முடியும்? ஒரு பொய்க்கு இன்னொரு பொய், அதற்கு இன்னொன்று, கடைசியில் அவன் கையே அவனிடம் இல்லாமல் போய்விட்டது.

அந்தப் பொய் முதலில் பொய்யாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிநேகம் ஆன புதிதில் தரணி நிஜமாகவே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். சமீமா அத்தையின் மகள் ரிஸ்வானாவும் பிளஸ் டூ. ரெண்டு அம்மாக்களும் தம்ளரை முட்டிக்கொண்டு கெமிஸ்ட்ரியைப் பற்றிப் பேசுவார்கள், அவர்களுக்கு என்னமோ தெரிந்த மாதிரி. மே மாசம் ரிசல்ட் வந்த அன்று அந்தப் பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை, அதே மூச்சில் அத்தையின் கேள்வி, "உன் புள்ளைக்கு எத்தனளா?" அம்மா அன்றைக்கு ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டாள். வாயில் வந்த எண். அந்த எண்ணிலிருந்துதான் அவன் முளைத்தான். அதற்கு மூணு மாசம் முந்தியே நிஜத் தரணி பள்ளிக்கூடத்தின் கேட்டைத் தாண்டி வந்துவிட்டான். பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. டெஸ்ட் டியூபில் ஏதோ உப்பு. வெளியூரிலிருந்து வந்த சார் பக்கத்தில் வந்து நின்று இது என்ன என்றார். உப்புங்க சார் என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக வந்துவிட்டான் என்று சொன்னால் அது சரியில்லை, அதற்கு முன்னாலேயே அவனுக்குள் எல்லாம் வற்றிப்போயிருந்தது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஓடும், ராத்திரியெல்லாம் நெஞ்சில் ஒரு லாரி டயர். டெஸ்ட் டியூபை அதன் ஸ்டாண்டில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு, நடந்தான். சைக்கிளை மிதிக்கும்போதெல்லாம் ஒரே எண்ணம், அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். எறும்பு, டயர், எல்லாம். இப்போதே, சூடாக.

வீட்டுக்குள் வந்தபோது அம்மா ஒரு அழைப்பில் இருந்தாள். அழைப்பில் இருக்கும்போது வீட்டில் பேசக் கூடாது என்பதால் அம்மாவுக்கும் அவனுக்கும் கைச்சாடைகள் உண்டு. முஷ்டி என்றால் சத்தம் போடாதே. ரெண்டு விரல் என்றால் ரெண்டு நிமிஷம். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் காபி. உள்ளங்கை என்றால் பொறு. அன்றைக்கு உள்ளங்கை. அவன் கதவோரம் நின்றான். விழுப்புரத்தில் ஒருத்தர் வீட்டில் மெஷின் ஒழுகி அடுக்களை முழுக்கத் தண்ணீர். "புரியுதுங்க சார். உங்க நிலைமையில நான் இருந்தாலும் இப்படித்தான் கோவப்படுவேன் சார்." பத்து நிமிஷம். இருபது நிமிஷம். உள்ளங்கை இறங்கி இறங்கி மறுபடி ஏறியது. நாற்பது நிமிஷம் விழுப்புரத்துக்காரருக்கு ஆறுதல். அம்மா ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றியபோது அவனுக்குள் எல்லாம் ஆறி ஏடு படிந்துவிட்டது. "என்னடா சீக்கிரம்? முடிஞ்சுதா?" "முடிஞ்சுது." அவ்வளவுதான். நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்துதான் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது, மூக்கைத் துடைத்துவிட்டு, "வணக்கங்க, சொல்லுங்க சார்." தரணி இப்போதும் அந்த விழுப்புரத்துக்காரரை மன்னிக்கவில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது. மெஷின் சரியாகியிருக்கும், நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

பால் எழ ஆரம்பித்தது, ஊதினான், அடங்கியது. பத்து ஐம்பத்து நாலு. அந்த ஹாஸ்டல்காரன் இப்படி ஒரு தடவையாவது ஊதியிருப்பானா? அவனுக்கு எல்லாம் பழுத்து விழுகிறது. போன மாசம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, அம்மா அத்தையிடம் அரை இடைவேளை அதையே பேசினாள், கஷாயம் என்ன வைக்கலாம் என்று ரெண்டு பேரும் யோசித்தார்கள். அதே வாரம் நிஜமாகவே தரணிக்குக் காய்ச்சல். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மாத்திரை கொடுத்தாள், ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோயமுத்தூர்க் காய்ச்சலைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அப்போதுதான் தரணிக்கு உறைத்தது, தன் காய்ச்சலைத்தான் எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவனுடைய மார்க் பொய், ஹாஸ்டல் பொய், காய்ச்சல் மட்டும் நிஜம், அதுவும் இவனுடையது. இவன் உடம்பிலிருந்து உருவி அவனுக்கு மாட்டிவிட்டாள். இப்படியே போனால் என்ன ஆகும்? அவன் பாஸ் பண்ணுவான். வேலைக்குப் போவான். அவனுக்குப் பெண் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குச் சமீமா அத்தை பஸ் ஏறி வருவாள், பந்தலில் யாரைக் காட்டுவாள் அம்மா? தரணி பரிமாறிக்கொண்டிருப்பான். இந்தப் பையன் யாருளா என்று அத்தை கேட்பாள். காபி போடுகிறவன் என்பாள் அம்மா. தரணிக்குப் பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தது, ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட்டால்? அதையும் யோசிக்காமல் இல்லை. ராத்திரியெல்லாம் அதையேதான் யோசித்தான். சொன்னால் அத்தை என்ன நினைப்பாள்? ஒன்றரை வருஷமாக இத்தனையும் கதையா என்று நினைப்பாள். நாளைக்குப் பதினோரு மணிக்குப் போன் அடிக்காது. அம்மாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பா இருபது நாளைக்கு ஒரு தடவை வந்து தூங்குவார். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அம்மா வேலை பார்ப்பதே தெரியாது, எந்நேரமும் போனில் பேசுகிறவள் என்று நினைக்கிறார்கள். போன தைக்குச் சமீமா அத்தை பத்து நாள் லீவு போட்டாள். தரணி உள்ளுக்குள் குதித்தான், ஒளிப்பானேன், குதித்தான். பத்து நாளும் அந்தப் பதினைந்து நிமிஷம் இவனுக்குத்தான். முந்தி, அந்தச் சிநேகம் எல்லாம் வருவதற்கு முந்தி, லீவு நாளில் அம்மாவும் அவனும் ரெண்டு தம்ளரோடு உட்கார்ந்து கதை பேசுவார்கள், அது திரும்பி வரும் என்று ரெண்டு தம்ளர் எடுத்து வைத்தான். அம்மா வந்தாள். தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே நாலு மடக்கில் குடித்தாள். கண் மூடவில்லை. கட்டைவிரல் சுருளவில்லை. "நல்லாருக்காம்மா?" "ம்." தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள், கம்ப்யூட்டரின் சிவப்பு எண்ணில் பதினோரு நிமிஷம் பாக்கி இருந்தது. பத்து நாளும் அப்படியே. அத்தை திரும்பி வந்த அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரைக்கும் கேட்டது. அதனால்தான் சொல்கிறேன், உண்மையைச் சொன்னால் அந்தப் பதினைந்து நிமிஷம் இவனுக்கு வந்துவிடாது. அவளுக்கும் இல்லாமல் போகும். காபியே வெறும் சுடுதண்ணீராகப் போகும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். மூணு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். மூணு. மூணு. சொல்லிப் பார்த்தான். நாக்குக்கு ஒரு சிரமமும் இல்லை.

பால் பொங்கியது. பத்து ஐம்பத்தெட்டு, சரியாக. அணைத்தான். தம்ளரில் முதலில் டிகாக்‌ஷன், அரை ஸ்பூன் சர்க்கரை, மேலே பால். தூக்கி ஆற்றினான், பழுப்பு நிறத்தில் ஒரு கயிறு மேலுக்கும் கீழுக்கும் போய்வந்தது, வாசம் எழுந்து முகத்தில் அடித்தது. உள்ளே "வேறு ஏதாவது உதவி வேணுங்களா சார்?" என்றாள் அம்மா, அப்படியென்றால் முடியப் போகிறது. கதவிடுக்கில் அவள் கை தெரிந்தது, கட்டைவிரல் வாயருகே சாய்ந்தது. தரணி தம்ளரை எடுத்தான். அப்புறம் இன்னொரு தம்ளரை எடுத்தான். ஏன் எடுத்தாய் என்று நிறுத்தி வைத்துக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கை எடுத்தது, கை ஊற்றியது, கை ஆற்றியது. ரெண்டோடும் உள்ளே போனான். அம்மாவின் கண் முதலில் சட்டைக்குப் போனது, திருப்தி, அப்புறம் கைக்குப் போனது. "என்னடா ரெண்டு?" என்று அவள் உதட்டைத்தான் அசைத்தாள், அதற்குள் போன் அடித்துவிட்டது.

"ஏளா கோகிலா, எங்களா அவன்? ஏ யம்மா! என்ன ஒசரம்! ஒளிச்சுல்லா வச்சிருந்திருக்கா, கண்ணுபட்டுருமின்னா?" சமீமா அத்தையை இவ்வளவு பக்கத்தில் தரணி பார்த்ததில்லை, கதவோரத்திலிருந்து ஒரு முக்காடு மட்டும்தான் தெரியும். நல்ல வட்ட முகம், முன்பல் லேசாக விலகி, அப்படியே நம்பிவிடுகிற கண். இந்தக் கண்ணை வெறுப்பது கஷ்டம் என்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. தம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். "வணக்கங்க அத்தை." "வாப்பா, வா. ஹாஸ்டல் சாப்பாடுல்லாம் எப்படிப்பா?" "பரவால்லீங்க அத்தை." சொல்லிவிட்டான். அவ்வளவு சுலபமாக வந்தது. அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். காபியின் முதல் வாய்க்கு வருகிற பார்வை. கண் பாதி மூடி, முகம் முழுக்க இளகி. கீழே பார்த்தான், அவள் கட்டைவிரல் தரையில் சுருண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக இந்தப் பார்வைக்குத்தான் அவன் பால் காய்ச்சினான். இதோ வந்துவிட்டது. ஆனால் அவனுக்கு வரவில்லை, பரவால்லீங்க அத்தை என்று சொன்னவனுக்கு வந்தது, நீலச் சட்டைக்குள் உட்கார்ந்திருந்த அந்த இன்னொருத்தனுக்கு வந்தது. தன் சட்டைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு தன் அம்மாவின் பார்வையை வாங்கிக் குடிக்கிறான். தரணிக்குக் காது சூடாகியது.

"இப்ப எத்தனாவதுப்பா?" அம்மாவின் கை மேஜைக்குக் கீழே, முழங்கால் மேல், போனுக்குத் தெரியாத இடத்தில் மூணு விரலை நிமிர்த்தியது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அத்தையின் கண் மேஜையில் இருந்த தம்ளருக்குப் போய்விட்டது. "அந்தா பாரு நொரைய! நானும் இங்கன கெடந்து ஆத்து ஆத்துன்னு ஆத்துதேன், வந்தால்லா? உங்கம்மா கைப்பக்குவம் யாருக்குப்பா வரும். நீதான் பாவம், வீட்ல இப்படி வச்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்க மாட்டியாமே?" அம்மா சிரித்தாள். அந்த வெல்லப்பாகுச் சிரிப்பு, வாடிக்கையாளருக்குச் சிரிக்கிற சிரிப்பு. சமீமா அத்தையிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. தரணி ரெண்டாவது தம்ளரைத் தூக்கினான். போனின் கண்ணாடியில், காய்ந்த சொட்டு இருக்கிற அதே இடத்தில், டொக்கென்று முட்டினான். ஒரு வாய் குடித்தான். நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, மிக நன்றாக இருந்தது. "குடிப்பேனுங்க அத்தை. இது நான் போட்டது."

"எதுப்பா?" "காபி. நான்தான் போடுவேன். சிக்கரி பதினஞ்சுதான் போடோணும், இருபது போட்டா நொர நிக்கும், ருசி நிக்காது." "என்னைக்கும் நீயா போடுத?" "தினமும். ஒன்றரை வருசமா." கடையநல்லூரில் எங்கேயோ ஒரு கோழி கத்தியது. அத்தையின் பூப்போட்ட கப் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவள் தரணியைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா தன் தம்ளரைத் தொடவே இல்லை, குல்லா மாதிரி நின்ற நுரை நடுவில் குழி விழுந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் மூலையில் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி. "அப்ப காலேஜு," என்றாள் சமீமா அத்தை மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல், "எத்தனாவதுன்னு சொன்ன?" மேஜைக்குக் கீழே அந்த மூணு விரலும் நகர்ந்து வந்து அவன் முழங்காலைத் தொட்டன. சில்லென்று இருந்தன. இப்போதும் நேரம் இருக்கிறது, லீவில் வந்த பையன் விளையாட்டுக்குச் சொன்னான் என்று அத்தை நம்பிவிடுவாள், நம்புவதற்குத்தான் அந்தக் கண்ணே. ஒரே ஒரு சொல். காலையிலிருந்து இட்லித் தட்டோடு சொல்லிக் கொடுத்த சொல், நாக்குக்கு ஒரு சிரமமும் தராத சொல். தரணி வாயிலிருந்த காபியை விழுங்கினான். மூணு என்று சொல்லவில்லை.